யாரும் தேடாத வாசகம்

ஒன்பது பேர் வேலை பார்க்கிற கம்பெனிக்கும் ஒரு சேர்மன் இருக்கலாம் என்பது அன்று காலைதான் எனக்குத் தெரிந்தது. அறைக் கதவில் பித்தளைத் தகடு அடித்து, அதில் 'சேர்மன்' என்று வெட்டியிருந்தார்கள். கம்பெனி என்ன தொழில் செய்கிறது என்பதை மட்டும் கட்டடத்தில் எங்கேயும் எழுதக் காணோம்.

"சித்தி, இவங்க என்னதான் விக்கிறாங்க?"

"வாசல்ல போர்டு இருக்கே, படிக்கலையா?"

"படிச்சேன். 'முழுமையான உறக்கச் சூழல் மேலாண்மை'. மெத்தையா, மாத்திரையா, இல்ல ராத்திரி வந்து தாலாட்டுப் பாடுவாங்களா?"

"மூட்டைப்பூச்சிக்கு மருந்து அடிக்கிறாங்கடா."

சித்தி என் அம்மாவின் தங்கை. துப்பறிவது அவள் தொழில். பையைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் நடப்பது என் தொழில். இதற்கு முன்னால் பல வருடம் டெலிபோன் விசாரணையில் உட்கார்ந்து, கேட்கிறவர்களுக்கெல்லாம் நம்பர் எடுத்துக் கொடுத்தவள். வாடிக்கையாளர்கள் முன்னால் 'மேடம்' என்று கூப்பிடச் சொல்லி என்னை எவ்வளவோ திட்டியிருக்கிறாள். வாய் வரமாட்டேன் என்கிறது.

வரவேற்பறையில் சிவப்பு வெல்வெட் சோபா ஒன்று கிடந்தது. ராஜா வீட்டு சோபா போல வளைந்த கால், தங்கப் பூச்சு. நான் அதில் சுகமாகச் சாய்ந்துகொண்டேன். சித்தி ஓரத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். மெத்தென்ற இடத்தில் உட்கார்ந்தால் மூளை தூங்கிவிடும் என்பது அவள் கட்சி.

எதிரே மேஜைகளில் இருந்த அத்தனை பேரும் தலையைக் குனிந்து போனைத் தடவிக்கொண்டிருந்தார்கள். ஒரு சத்தம் இல்லை. தொலைபேசி மேஜையில் இருந்த அம்மாள்கூட. அவர் சேர்மனின் மனைவி என்று பிறகு தெரிந்தது. அந்தப் புழுக்கத்தில் மணிக்கட்டு வரை கையை மூடிக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் இருந்த தொலைபேசி, நாங்கள் காத்திருந்த நேரம் முழுக்க ஒரு தடவைகூட அடிக்கவில்லை.

"வேலை ரொம்ப மும்முரம் போல" என்றேன்.

"காலை வேலை. இதை முடிச்சிட்டுத்தான் மத்தது" என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

மத்தது என்று ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

சேர்மன் எங்களை உள்ளே அழைத்தார். வெள்ளைச் சட்டை, பெரிய மோதிரம், யாரையும் நேராகப் பார்க்காத கண்கள்.

"மேடம், என்னை ஒருத்தன் தினமும் கொள்ளையடிக்கிறான். யாருன்னு எனக்குத் தெரியும். நீங்க நிரூபிச்சுக் குடுத்தாப் போதும்."

"யாரு சார்?"

"கூடப் பிறந்தவன். என் தம்பி."

நடந்ததை அவர் சொன்னார். அவர் சொன்னதில் பாதி தற்பெருமை. அதைக் கழித்துவிட்டுச் சொல்கிறேன். இணையத்தில் சேர்மன் விளம்பரம் கொடுத்திருக்கிறார். அவர் தேர்ந்தெடுத்த வாசகத்தை, வாசல் போர்டில் இருந்த அதே வாசகத்தை, யாராவது தேடினால் அவருடைய கம்பெனி எல்லாவற்றுக்கும் மேலே வரும். வந்ததை யாராவது தொட்டால், ஒவ்வொரு தொடலுக்கும் அவர் கட்டிய காசில் கொஞ்சம் கழியும். அன்றைய காசு தீர்ந்துவிட்டால் விளம்பரம் மறைந்துவிடும், மறுநாள்தான் வரும். சேர்மனின் விளம்பரமோ, ஆபீஸ் திறந்து காபி ஆறுவதற்குள் தினமும் மறைந்துவிடுகிறது. அத்தனை தொடல், ஆனால் ஒரு போன் கிடையாது. யாரோ வேண்டுமென்றே தொட்டுத் தொட்டுக் காசைக் கரைக்கிறார்கள்.

"போன வருஷம் சண்டை போட்டுட்டு ஒரு வண்டியோட பிரிஞ்சு போனான். அவனுக்கு மட்டும் போன் ஓயாம வருது. எப்படி? நாளைக்குச் சாயந்திரம் எங்க தொழில் சங்கக் கூட்டம். நான்தான் தலைவர். அவனைச் சங்கத்தை விட்டே தூக்கறேன். சங்கத்துச் சான்றிதழ் இல்லேன்னா லைசென்ஸ் புதுப்பிக்க மாட்டாங்க. அப்புறம் அவன் மருந்து டப்பாவைத் தொடக்கூட முடியாது. உங்க ரிப்போர்ட் மட்டும் கையில இருந்தாப் போதும்."

"அவர்தான்னு வேற ஏதாவது ஆதாரம்?"

"இருக்கே! அவனோட வண்டி என் வீட்டுப் பின்சந்துல நின்னிருக்கு. ரெண்டு தடவை. பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தார். பேர்கூட எழுதாத திருட்டு வண்டி. என் வீட்டையே உளவு பார்க்கறான்!"

அப்போது மடிக்கணினியைக் கையில் ஏந்திக்கொண்டு ஓர் இளைஞன் வந்தான். சேர்மனின் மாப்பிள்ளை. கம்பெனியின் இணைய விவகாரம் முழுக்க அவன் பொறுப்பு. பெண்ணைக் கொடுத்த கையோடு பொறுப்பையும் கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

"மாமாவோட வாசகம் இன்னைக்கும் நம்பர் ஒன்" என்று திரையைக் காட்டினான்.

"அந்த வாசகத்துக்கு வேற யாராவது போட்டி போடறாங்களா?" என்றாள் சித்தி.

"ஒருத்தர்கூட இல்ல மேடம்!" முகமெல்லாம் பெருமை.

"ஒரே ஒரு குதிரை ஓடற பந்தயம். முதல் பரிசு வாங்கிட்டு வந்திருக்கு" என்றேன். மாப்பிள்ளை அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு தலையாட்டினான்.

சித்தி சேர்மன் பக்கம் திரும்பினாள். "மூட்டைப்பூச்சின்னு ஒரு வார்த்தை போட்டிருக்கலாமே சார்?"

சேர்மன் சுருங்கிப் போனார். மாப்பிள்ளை எழுந்து போய்க் கதவைச் சாத்தினான்.

"அந்த வார்த்தையை இந்த ஆபீஸ்ல யாரும் சொல்றதில்ல, மேடம். தரம்னு ஒண்ணு இருக்கு. பூச்சி மருந்துக்காரன்னு என்னை யாரும் சொல்லக் கூடாது. நான் உறக்கத்தை விக்கறேன். அந்த வாசகம் நானே யோசிச்சது. மூணு நாள் யோசிச்சேன்."

மூன்று நாள் யோசித்தும் இதுதான் வந்தது என்பதை ஒருவர் வெளியில் சொல்வாரா? அவர் சொன்னார். சொல்லிக்கொண்டே கழுத்தைச் சொறிந்தார். காலருக்கு மேலே சிவப்பாக மூன்று தடிப்பு, கயிறு பிடித்த மாதிரி ஒரே வரிசையில்.

"என்ன சார் அது?"

"டென்ஷன். இவனாலதான்."

"ஒரே ஒரு கேள்வி. லீவு நாள்லயும் காசு கரையுதா?"

மாப்பிள்ளை திரையைப் பார்த்தான். "லீவு நாள்ல கரையறதில்ல மேடம்."

"அவனுக்கும் லீவு வேணுமில்ல?" என்றார் சேர்மன்.

தெருவுக்கு வந்ததும் சித்தி நின்றாள். "அண்ணனை ஒழிச்சுக் கட்டணும்னு கங்கணம் கட்டிக்கிட்டவன் லீவு எடுப்பானாடா?"

"அரசாங்க உத்தியோகமா இருந்தா எடுப்பான், சித்தி."

*

தம்பியின் கம்பெனி ஒரு தகரக் கொட்டகை. சேர்மன் கிடையாது, சோபா கிடையாது. ஒரு வெள்ளை வண்டி நின்றது. அதன் உடம்பில் ஓர் எழுத்து இல்லை, ஒரு பூச்சிப் படம் இல்லை. மருந்து டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்த மனிதர்தான் முதலாளி, அவரேதான் தொழிலாளி. நாங்கள் வாயைத் திறப்பதற்குள் அவருடைய போன் அடித்தது.

"சொல்லுங்க. கடி வரிசையா இருக்கா, சிதறி இருக்கா? ...சிதறின்னா கொசுங்க. நான் வரத் தேவையில்ல. வலை கட்டிக்குங்க."

வைத்தார். உடனே அடுத்தது.

"கடி வரிசையா இருக்கா, சிதறி இருக்கா? ...சரி, வரிசையா. மெத்தையை வெளியில தூக்கிப் போட்டுடாதீங்க, அப்படியே இருக்கட்டும். பேர் எழுதாத வண்டிதான் வரும். பக்கத்துல யாருக்கும் தெரியாது, கவலைப்படாதீங்க."

சித்தி தான் யார் என்பதை மறைக்கவில்லை. யார் அனுப்பினார்கள் என்பதையும் சொன்னாள். தம்பி கையைத் துடைத்துக்கொண்டு, வண்டியின் படியில் உட்கார்ந்தார்.

"அண்ணன் விளம்பரத்தை நான் ஏன் தொடணும்? அந்த வாசகத்தைத் தட்டி முடிக்கறதுக்குள்ள எனக்கு மூச்சு வாங்கிடும். அவர் போர்டைப் பார்த்துட்டு உள்ள போய் ஒருத்தர் தலையணை விலை கேட்டாராம், தெரியுமா?"

"உங்களுக்கு மட்டும் எப்படி இவ்வளவு போன் வருது?"

போனை எடுத்துத் தன் இணையதளத்தைக் காட்டினார். பார்க்கச் சகிக்கவில்லை. படம் இல்லை, அலங்காரம் இல்லை, மொட்டை எழுத்து. 'ராத்திரி கடிக்குது, விளக்கு போட்டா காணோம்.' 'மெத்தை விளிம்பில் கறுப்புப் பொட்டு.' 'வாடகை வீட்டில் மூட்டைப்பூச்சி, வீட்டுக்காரருக்குத் தெரியாமல் ஒழிக்க.' 'பேர் எழுதாத வண்டி.'

"ஜனங்க போன்ல என்ன சொல்றாங்களோ, அதையே எடுத்துப் போட்டேன். அவ்வளவுதாங்க. பூச்சிக்குப் பயந்து கூப்பிடறவங்க கொஞ்சம் பேர்தான். பக்கத்து வீட்டுக்குப் பயந்துதான் நிறைய பேர் கூப்பிடறாங்க."

சித்தி சிரித்தாள். "டெலிபோன் விசாரணையிலயும் இதேதான். கடைப் பேரைச் சொல்லி எவனும் நம்பர் கேட்க மாட்டான். 'சாவி உள்ள மாட்டிக்கிச்சு, யாராவது இருக்காங்களா'ன்னுதான் கேப்பான்." அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். "உங்க வண்டி அண்ணன் வீட்டுப் பின்சந்துல ஏன் நின்னுது?"

அதுவரை கலகலவென்று பேசியவர், துடைத்த கையையே திரும்பத் துடைக்க ஆரம்பித்தார்.

"ரெண்டு தடவை நின்னிருக்கு" என்றேன் நான்.

"என் வண்டி எங்க நின்னுதுன்னு நான் யார்கிட்டயும் சொல்றதில்ல."

"சொல்லலேன்னா நாளைக்குச் சாயந்திரம் உங்க லைசென்ஸுக்கு உலை வைக்கறாங்க" என்றாள் சித்தி.

"தெரியும். அதுக்காகச் சொன்னா, அப்புறம் பேர் எழுதாத வண்டி வச்சு என்னங்க பிரயோஜனம்?"

கிளம்பும்போது சித்தி போகிற போக்கில் சொல்வது போல ஒன்று சொன்னாள். "உங்க அண்ணன் இன்னைக்கு இன்னொரு விளம்பரம் போடறார். 'பாரம்பரியப் பூச்சி நிவாரண ஆலோசனை மையம்'னு. ஒருத்தருக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கட்டும்."

வழியில் நான் கேட்டேன். "அப்படி ஒரு விளம்பரம் ஏது சித்தி?"

"இனிமேதான் போடப் போறேன்."

*

திரும்பவும் சேர்மன் ஆபீஸ். திரும்பவும் சோபா. உள்ளே போன சித்தி, மாப்பிள்ளையின் மடிக்கணினியை வாங்கிக்கொண்டு விளம்பரக் கணக்கைத் திறந்தாள். பாஸ்வேர்ட் என்னவென்று நினைக்கிறீர்கள்? சேர்மனின் வாசகமேதான். அதை மாற்றிவிட்டு, பழைய விளம்பரத்தை நிறுத்திவிட்டு, மூன்று புதிய வாசகங்களைப் போட்டாள். யாரும் பக்கத்தில் இல்லாதபோது மாப்பிள்ளையிடம் ஒன்றைச் சொன்னாள்: 'அடுத்த தலைமுறை பூச்சியியல் அனுபவம்'. அவன் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒன்றைத்தான் இத்தனை நாளாக அவன் தேடிக்கொண்டிருந்தானாம்.

கடைசியில் சேர்மனிடம் தனியாக. நான் கதவருகே நின்றேன்.

"சார், எதிரியைப் பிடிக்க ஒரு பொறி வச்சிருக்கேன். உங்களுக்கு மட்டும் சொல்றேன். புது வாசகம், 'நித்திரைச் சக்கரவர்த்தி'. நீங்கதான் அது."

சேர்மனின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. கழுத்தைச் சொறிவதைக்கூட மறந்துவிட்டார்.

"ஆனா ஒரு நிபந்தனை. மனைவிகிட்டகூடச் சொல்லக் கூடாது. நீங்களும் எதுவும் பண்ணக் கூடாது. சும்மா இருக்கணும். முடியுமா?"

"நான் யாரு மேடம்? சங்கத் தலைவர்!"

வெளியே வந்ததும் சொன்னேன். "மூணு பேருக்கு மூணு வாசகம். கடி பட்டவன் எவனும் இதுல ஒண்ணைக்கூட ஜென்மத்துல தட்ட மாட்டான். எந்த வாசகத்துல காசு கரையுதோ, அதைக் கேட்ட ஆள்தான் திருடன். சரியா சித்தி?"

"பரவாயில்லையே. பை தூக்கறதுல உன் திறமை வீணாப் போகுது."

அன்று சாயங்காலம் வீட்டில் எனக்குத் தொடையில் அரிப்பு எடுத்தது. பார்த்தால் சிவப்பாக மூன்று தடிப்பு. சொறிந்தேன், இன்னும் அரித்தது. போனை எடுத்துத் தேடினேன். 'தொடையில் வரிசையா மூணு தடிப்பு அரிக்குது'. முதலில் வந்தது அந்த மொட்டை எழுத்து. 'கடி வரிசையா இருக்கா, சிதறி இருக்கா?'

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று காலை முழுக்க ஒரு மூட்டைப்பூச்சிக் கம்பெனியில் இருந்துவிட்டு வந்தவன் நான். கடித்தபோது அந்தக் கம்பெனியின் வாசகத்தில் ஒரு சொல்கூட என் விரலுக்கு வரவில்லை.

சித்திக்குப் போன் போட்டேன். "எங்கே உட்கார்ந்தே?" என்று மட்டும் கேட்டாள்.

"சோபாவுல. ரெண்டு தடவை."

போனில் அவள் சிரித்த சிரிப்பு எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

*

மறுநாள் ஆபீஸ் திறக்கும் முன்பே போய்விட்டோம். கண்ணாடிக் கதவுக்கு வெளியே, அலங்காரச் செடித் தொட்டிக்குப் பின்னால் நின்றோம். ஆட்கள் ஒவ்வொருவராக வந்து மேஜையில் உட்கார்ந்தார்கள். சேர்மன் நடுவில் வந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"எல்லாரும் வந்தாச்சா? கதவு சாத்தியிருக்கா? இன்னைக்குப் புது வாசகம். ரொம்ப ரகசியம். வீட்டுலகூடச் சொல்லக் கூடாது. 'நித்திரைச் சக்கரவர்த்தி'. தட்டுங்க."

அத்தனை தலைகளும் குனிந்தன. அத்தனை கட்டை விரல்களும் ஓடின.

"மேல வருதா?"

"வருது சார்" என்று ஒரே குரலில் பதில்.

"தொடுங்க. உள்ள போங்க. என் படம் தெரியுதா? நல்லாப் பாருங்க. திரும்ப வெளிய வாங்க. இன்னொரு தடவை தட்டுங்க. நாம ஏத்தினாத்தான் வாசகம் ஏறும். ம், தொடுங்க."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். சித்தி கையில் இருந்த போனில் விளம்பரக் கணக்கைத் திறந்து காட்டினாள். தம்பியிடம் சொன்ன வாசகத்தில் தொடல் இல்லை. மாப்பிள்ளையிடம் சொன்னதில் இல்லை. 'நித்திரைச் சக்கரவர்த்தி'யில் மட்டும், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காசு ஓட்டைக் குடத்துத் தண்ணீராக இறங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் தீர்ந்தும் போனது.

சித்தி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"திருடனைப் பிடிச்சாச்சு சார்."

"அதுக்குள்ளயா! எத்தனை பேரு மேடம்?"

"உங்களையும் சேர்த்துப் பத்து பேரு."

போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். சேர்மன் பார்த்தார். மறுபடி பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். திரையில் இருந்தது மாறவில்லை.

"ஆனா... நாம தொட்டா காசு எப்படிப் போகும்? நம்ம கம்பெனி, நம்ம விளம்பரம்..."

"விளம்பரத்துக்கு அப்பன் பிள்ளை தெரியாது சார். யார் தொட்டாலும் காசுதான். தினமும் காலையில உங்க ஆளுங்களே தொட்டுத் தீர்த்துடறாங்க. ராத்திரி பூச்சி கடிச்சு ஒருத்தன் எழுந்து தேடும்போது உங்க விளம்பரமே இல்ல. இருந்திருந்தாலும் பிரயோஜனம் இல்ல. அந்த வாசகத்தை உலகத்துல இந்தப் பத்து பேரைத் தவிர வேற யாரும் தட்டினதே கிடையாது. அதனாலதான் லீவு நாள்ல உங்க எதிரியும் லீவு."

சேர்மன் மெல்ல மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். மாப்பிள்ளை மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தான்.

"உனக்குத் தெரியுமா?"

"எல்லாத் தொடலும் இந்தக் கட்டடத்துல இருந்துதான்னு ரிப்போர்ட்ல வந்துச்சு மாமா. அந்தப் பகுதியை மட்டும் வெட்டிட்டு உங்ககிட்டக் காட்டினேன். நீங்க தினமும் காலையில அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க. எனக்கு மனசு வரல."

இப்படி ஒரு மாமா, இப்படி ஒரு மாப்பிள்ளை. சொர்க்கத்தில் நிச்சயம் பண்ணியது அந்தப் பெண்ணின் கல்யாணமாக இருக்காது, இவர்கள் இரண்டு பேரின் கூட்டாகத்தான் இருக்க வேண்டும்.

சேர்மன் சாதாரண ஆள் இல்லை. தரையில் கிடந்த கௌரவத்தைத் தட்டி எடுத்து மாட்டிக்கொண்டார். "சரி. இது ஏதோ தொழில்நுட்பக் கோளாறு. விடுங்க. அவன் வண்டி என் வீட்டுப் பின்சந்துல ஏன் நின்னுது? அதுக்குப் பதில் சொல்லுங்க. சாயந்திரம் கூட்டத்துல அந்த ஒண்ணு போதும், அவனைத் தூக்கிடுவேன்."

சித்தி தொலைபேசி மேஜையைப் பார்த்தாள். அறையே அங்கே திரும்பியது.

சேர்மனின் மனைவி எழுந்தார். சட்டைக் கையின் பட்டனைக் கழற்றி முழங்கை வரை மடித்தார். மணிக்கட்டிலிருந்து வரிசை வரிசையாகத் தடிப்புகள்.

"நான்தான் கூப்பிட்டேன்" என்றார்.

"நீயா? எவ்வளவு பெரிய கம்பெனி நம்மகிட்டயே இருக்கு! அவனைப் போய் எதுக்கு..."

"நம்ம மெத்தையில பூச்சின்னு உங்ககிட்டச் சொல்ல முடியுமா? அந்த வார்த்தையைச் சொன்னாலே நீங்க எழுந்து போயிடுவீங்க. ராத்திரி கடி தாங்காம போன்ல தேடினேன். 'மெத்தையில ரத்தப் பொட்டு, பக்கத்து வீட்டுக்குத் தெரியாம என்ன பண்றது'ன்னு. முதல்ல வந்த நம்பருக்குப் போட்டேன். எடுத்தது நம்ம தம்பி. குரலைக் கேட்டதும் வச்சிடலாம்னுதான் பார்த்தேன். 'அண்ணி, பின்சந்து வழியா வரேன், அண்ணனுக்குத் தெரிய வேணாம்'னான்."

"என் வாசகம்? தினமும் காலையில நீயும்தானே தட்டறே?"

"ஆமா, தட்டறேன். இங்க வந்து ஆயிரம் தடவை தட்டியிருப்பேன். வீட்டுல கடிச்சப்போ அது ஞாபகத்துக்கே வரலைங்க."

லைசென்ஸே போகப் போகிறது என்று தெரிந்தும், அண்ணன் வீட்டில் பூச்சி என்ற ஒரு வார்த்தையைச் சொல்லாமல் வண்டிப் படியில் உட்கார்ந்திருந்த அந்த மனிதர் என் கண்முன் வந்தார். அந்தக் குடும்பத்தில் நான் மதித்த ஒரே ஆள் அவர்தான்.

"ரெண்டு தடவை அடிச்சும் போகல" என்றார் மனைவி. "வீடு சுத்தமாத்தான் ஆகுது, எங்கிருந்தோ திரும்பத் திரும்ப வருதுன்னு தம்பி சொல்றான். எங்கிருந்துன்னுதான் புரியல."

"நான் சொல்றேன்" என்றேன். சோபாவின் இருக்கையை ஒரு விரலால் தூக்கிக் காட்டினேன். தையல் நெடுக மிளகைத் தூவிய மாதிரி கறுப்புப் பொட்டு. அதில் ஒன்றிரண்டு நகர்ந்தன. ஒன்பது பேரும் ஒரே சமயத்தில் பின்னால் நகர்ந்தார்கள். உறக்கத்தை விற்கிறவர் ஆபீசில், ராஜா வீட்டு சோபாவில், பெயரைச் சொல்லக்கூட அவர் விடாத ஜீவன்கள் குடும்பத்தோடு குடியிருந்தன. சாயங்காலமானால் அவர் சட்டையிலேயே ஏறி அவர் வீட்டுக்கும் போய்வந்துகொண்டிருந்தன.

"ரிப்போர்ட் இன்னைக்கே தயார் பண்ணிடறேன் சார்" என்றாள் சித்தி. "சாயந்திரம் கூட்டத்துல நானே படிக்கட்டுமா? சங்கத் தலைவர் சோபாவுல ஆரம்பிச்சு, தலைவர் மெத்தை வரைக்கும் முழுசா இருக்கும்."

சேர்மன் நாற்காலியைத் தேடினார். எந்த நாற்காலியிலும் உட்காரத் துணிவில்லாமல் நின்றுகொண்டே சொன்னார். "தீர்மானம் வேண்டாம். வாபஸ் வாங்கிடறேன்."

"தம்பியோட சான்றிதழ்?"

"நானே கையெழுத்துப் போட்டுத் தரேன்."

"நல்லது. இந்த சோபாவுக்கு யாரைக் கூப்பிடப் போறீங்க? உங்க வண்டியில முழ நீளத்துக்கு வாசகம் எழுதியிருக்கு. அதுல இருந்து மருந்து டப்பாவை உங்க ஆபீசுக்குள்ளயே தூக்கிட்டு வந்தா, எதிர்க் கடைக்காரன் கேள்வி கேப்பானே."

சேர்மன் போனை எடுத்தார். பெயர்ப் பட்டியலில் விரலை ஓட்டினார். "அவன் நம்பரை அழிச்சிட்டேன்" என்றார், யாரையும் பார்க்காமல்.

அவர் மனைவி வாயைத் திறந்தார். சித்தி வேண்டாம் என்று கையைக் காட்டினாள். "தேடிப் பாருங்க சார்."

நான் வெட்கமில்லாமல் அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். விரல் பழக்க தோஷத்தில் 'முழு' என்று ஆரம்பித்தது. அழித்தார். கொஞ்ச நேரம் வெற்றுத் திரையைப் பார்த்தார். ஒன்பது பேரையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாக, இந்த ஆபீசில் யாரும் சொல்லக் கூடாத அந்த வார்த்தையைத் தட்டினார். அதற்குப் பக்கத்தில் 'யாருக்கும் தெரியாம' என்று சேர்த்தார்.

எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. வர வேண்டிய இடம்தான், வரவில்லை.

முதலில் வந்த நம்பரைத் தொட்டார், மணி அடித்தது. அந்த அமைதியில் மறுமுனைக் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"சொல்லுங்க. கடி வரிசையா இருக்கா, சிதறி இருக்கா?"

சேர்மன் மனைவியின் கையைப் பார்த்தார். தன் கழுத்தையும் தடவிக்கொண்டார்.

"வரிசையா" என்றார்.

மறுமுனையில் சத்தம் நின்றது. பிறந்ததிலிருந்து கேட்ட குரல், ஒரு வார்த்தையில் தெரியாமலா போகும்?

"வீடா சார், ஆபீசா?"

"ஆபீஸ்."

"சரிங்க சார்" என்றார் தம்பி, முன்பின் தெரியாத ஒருவரிடம் பேசுவது போல. "பேர் எழுதாத வண்டிதான் வரும். பக்கத்துல யாருக்கும் தெரியாது, கவலைப்படாதீங்க."